புதிய உடற்பயிற்சி: எந்தப் பயனை எப்போது எதிர்பார்க்கலாம்?

உடற்பயிற்சியைத் தொடங்குவோர் பலர். ஆறு மாதம் கடந்தும் அதனைத் தொடர்வோர் சிலர். இடையில் கைவிடுவோர் அடிக்கடி கூறும் காரணம், ‘ஒரு மாதம் தவறாமல் நடந்தேன், எடை குறையவே இல்லை’ என்பதாகும். அந்த ஒரு மாதத்தில் அவரது இரத்த அழுத்தம் சற்றுத் தணிந்திருக்கக்கூடும். உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் அளவு குறைந்திருக்கக்கூடும். மாடிப்படி ஏறும்போது ஏற்படும் மூச்சிரைப்பும் தணிந்திருக்கக்கூடும். இவற்றுள் எதுவும் எடை பார்க்கும் கருவியில் தெரிவதில்லை. பயன் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே, பயன் இல்லை எனக் கருதிப் பயிற்சியை நிறுத்திவிடுவது, குறிப்பாக நீரிழிவு அல்லது உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்குப் பெரும் இழப்பாகும்.

புதிதாக நடைப்பயிற்சியோ பிற உடற்பயிற்சியோ தொடங்கும் பெரியவர்கள், எந்தப் பயனை எத்தனை நாளில் எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கக் கூடாது, எப்போது மருத்துவரை அணுக வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

- மனநிலை, உறக்கம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றில் பயன் முதல் வாரத்திலேயே தொடங்கலாம்.
- உடல் வலிமையும் மூச்சுத் திறனும் மேம்படுவதை 4 முதல் 8 வாரங்களில் உணரலாம்.
- உடல் தோற்றத்தில் மாற்றம் தெரிய 3 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.
- உணவில் மாற்றமின்றி, பயிற்சியால் மட்டும் எடை மிக மெதுவாகவே குறையும்.
- மருத்துவர் கூறாமல் எந்த மருந்தையும் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

எவ்வளவு பயிற்சி தேவை?

பயனை எதிர்பார்க்கும் முன், செய்யும் அளவு போதுமானதா என அறிதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடினமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். இவற்றுடன், வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. 65 வயதைக் கடந்தோர் கீழே விழுவதைத் தவிர்க்க, வாரத்தில் 3 நாட்கள் உடல் சமநிலைக்கான பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிதமான வேகம் எது என்பதை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது பேச இயல வேண்டும். பாட இயலக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. சில சொற்களுக்கு மேல் பேச இயலாமல் மூச்சு வாங்கினால் அது கடினமான வேகம்.

மேற்கூறிய அளவை முதல் வாரத்திலேயே எட்ட வேண்டும் என்பதில்லை. இதுவரை பயிற்சி ஏதும் செய்யாதவர் நாளொன்றுக்கு 10 நிமிடங்களில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே சென்றால் போதும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் கீழ், மாவட்டங்கள்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அந்த முழுத் தொலைவும் படிப்படியாக எட்ட வேண்டிய இலக்கு. புதிதாகத் தொடங்குவோர் அதே பாதையில் 1 கிலோமீட்டர் சென்று திரும்பினாலும் அது நல்ல தொடக்கமே.

நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடந்தே தீர வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இந்த எண், 1965-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதாகும். மருத்துவ ஆய்வில் பிறந்த எல்லை அன்று. மூத்த வயதுப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடிகள் நடந்தோருக்கு, 2,700 அடிகள் நடந்தோரைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் அந்த வேறுபாடு பெரிதாகக் கூடவில்லை. ஆகவே, 10,000-ஐ எட்டவில்லை என்பதற்காக எவரும் மனம் தளர வேண்டியதில்லை.

எந்தப் பயன், எத்தனை நாளில்?

கீழே தரப்பட்டுள்ள காலங்கள் பொதுவானவை. வயது, உடல்நிலை, பயிற்சியின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இவை மாறுபடும்.

*முதல் நாள் முதல் முதல் வாரம் வரை:* ஒருமுறை நடந்தாலே மனப் பதற்றம் தணிவதையும் அன்றிரவு உறக்கம் சீராவதையும் பலர் உணர்கின்றனர். தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் திறன், ஒரு வேளைப் பயிற்சிக்குப் பின் 24 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை கூடுதலாக இருக்கும். இக்காரணம் பற்றியே, நீரிழிவு உள்ளோர் தொடர்ச்சியாக 2 நாட்களுக்கு மேல் பயிற்சியை விடக் கூடாது என அறிவுறுத்தப்படுகிறது. இதே வாரத்தில் தசைவலியும் சோர்வும் தோன்றுவது இயல்பு.

*2 முதல் 4 வாரங்கள்:* அதே தொலைவு முன்பைவிட எளிதாகத் தோன்றும். மூச்சிரைப்பு குறையும். எடையில் மாற்றம் இல்லாதிருக்கலாம். சிலருக்குச் சற்றுக் கூடவும் செய்யலாம். புதிதாக உழைக்கத் தொடங்கிய தசைகள் சேமிப்புச் சர்க்கரையையும் அதனுடன் நீரையும் தேக்கி வைப்பதே இதற்குக் காரணம். இது கொழுப்புக் கூடியதன் அடையாளம் அன்று.

*4 முதல் 8 வாரங்கள்:* தசை வலிமைப் பயிற்சி செய்வோர், கூடுதல் எடையைத் தூக்க முடிவதை உணர்வர். தசையின் பருமன் இக்காலத்தில் பெரிதும் மாறுவதில்லை. இருக்கும் தசை இழைகளை நரம்பு மண்டலம் நன்கு ஒருங்கிணைத்துப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால் முதலில் வலிமை கூடுகிறது. ஓய்வு நிலையில் இதயத் துடிப்பு நிமிடத்திற்குச் சில துடிப்புகள் குறையத் தொடங்கலாம்.

*3 மாதங்கள்:* இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, இரத்தக் கொழுப்பு ஆகிய பரிசோதனைகளில் மாற்றம் தெரிவதற்கு ஏற்ற காலம் இது. தசைகளின் அளவிலும் இடுப்புச் சுற்றளவிலும் மாற்றம் புலப்படத் தொடங்கும்.

*6 மாதம் முதல் ஓராண்டு வரை:* எலும்புகள் மிக மெதுவாகவே தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. எலும்பின் அடர்த்தியில் பயன் தெரிய குறைந்தது 6 மாதம் முதல் ஓராண்டு தேவை. அடர்த்தி பெரிதாகக் கூடாவிடினும், வயதினால் நேரும் எலும்புத் தேய்மானம் மட்டுப்படுவதே ஒரு பயனாகும்.

எடை ஏன் விரைவாகக் குறைவதில்லை?

ஒரு கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விரைவாக நடந்தால் ஏறத்தாழ 120 முதல் 150 கிலோ கலோரி ஆற்றல் செலவாகும். சும்மா அமர்ந்திருந்தாலும் செலவாகும் அளவைக் கழித்தால், நடையினால் கூடுதலாகச் செலவாவது சுமார் 100 கிலோ கலோரியே. வாரத்தில் 5 நாட்கள் நடந்தால் 500 கிலோ கலோரி. உடல் கொழுப்பு 1 கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி செலவாக வேண்டும். ஆகவே, உணவில் எந்த மாற்றமும் இல்லையெனில், 1 கிலோ குறையச் சுமார் 15 வாரங்கள் ஆகும்.

நடைப்பயிற்சி முடிந்து வரும் வழியில் ஓர் உளுந்து வடையும் சர்க்கரை சேர்த்த ஒரு தேநீரும் எடுத்துக்கொண்டால், அன்று நடந்து செலவழித்ததைவிடக் கூடுதலான ஆற்றல் உடலுக்குள் சென்றுவிடும். எனவே, எடை குறைய வேண்டுவோர் பயிற்சியுடன் உணவின் அளவையும் சீராக்குதல் இன்றியமையாதது. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்துக் காய்கறி, கீரை, பருப்பு வகைகளைக் கூட்டுதல், இனிப்புப் பானங்களைத் தவிர்த்தல், எண்ணெயில் பொரித்தவற்றை அரிதாக்குதல் ஆகியன எளிய தொடக்கங்கள்.

உணவு, பயிற்சி இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்போர் வாரத்திற்கு அரைக் கிலோ வரை குறைவதை எதிர்பார்க்கலாம். எடை மிகுந்தோர், இருக்கும் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மேம்படும். 80 கிலோ உள்ளவருக்கு இது 4 கிலோ மட்டுமே. இளமைக் கால எடைக்குத் திரும்புவதை முதல் இலக்காகக் கொள்ள வேண்டியதில்லை. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் தொடர் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

வயிறு மட்டும் குறையுமா?

வயிற்றுப் பகுதிக்கான பயிற்சி வயிற்றுத் தசைகளை வலுப்படுத்தும். அவ்விடத்துக் கொழுப்பை மட்டும் தனியே கரைக்காது. உடல் முழுவதிலுமிருந்தே கொழுப்பு குறையும். எங்கு முதலில் குறையும் என்பதை மரபும் பாலினமும் வயதும் தீர்மானிக்கின்றன.

ஆயினும் இடுப்புச் சுற்றளவைக் கவனித்து வருதல் பயனுள்ளது. எடை மாறாதபோதும் வயிற்றினுள் தேங்கிய கொழுப்பு குறையலாம். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருப்பின், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் ஆபத்துக் கூடுதலாகக் கருதப்படுகிறது. மாதம் ஒருமுறை, காலையில் உணவுக்கு முன், இயல்பாக மூச்சை வெளியிட்ட நிலையில், தையல் நாடா கொண்டு ஒரே இடத்தில் அளந்து குறித்து வைக்கவும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு: எவ்வளவு குறையும்?

*மூன்று மாதச் சர்க்கரை அளவு:* இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோர் முறையான பயிற்சியைத் தொடர்ந்து செய்யும்போது, எச்.பி.ஏ.1.சி. அளவு சராசரியாக 0.5 முதல் 0.7 வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எடுத்துக்காட்டாக, 8.2 என இருந்த அளவு 7.6 ஆகலாம். எண்ணாகப் பார்க்கச் சிறிதெனினும், கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் காப்பதில் இக்குறைவு மதிப்புடையது. இப்பரிசோதனை கடந்த 2 முதல் 3 மாதங்களின் சராசரியையே காட்டும் என்பதால், பயிற்சி தொடங்கிய மூன்றாம் வாரத்தில் இதனைச் செய்து ஏமாற்றம் அடைய வேண்டாம்.

*இரத்த அழுத்தம்:* உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்குத் தொடர் நடைப்பயிற்சியால் மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 மி.மீ. பாதரசம் வரை குறையலாம். 150 உள்ளவருக்கு 143 அளவில் வரக்கூடும். 120 ஆகிவிடும் என எதிர்பார்க்க இயலாது.

*இரத்தக் கொழுப்பு:* டிரைகிளிசரைடு குறைவதும் நல்ல கொழுப்பு சிறிது கூடுவதும் உண்டு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். பயிற்சியால் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. அதற்கு உணவு மாற்றமும், தேவைப்படின் மருந்தும் வேண்டும்.

மேற்கண்ட அளவுகளிலிருந்து ஒன்று தெளிவாகும். பயிற்சி, மருந்துக்குத் துணை நிற்கும். பெரும்பாலோருக்கு மருந்தின் இடத்தை அது முழுமையாக நிரப்பாது. ‘நடக்கத் தொடங்கிவிட்டேன், இனி மாத்திரை தேவையில்லை’ எனத் தாமே முடிவு செய்தல் பக்கவாதம், மாரடைப்பு போன்ற விளைவுகளுக்கு வழிவகுக்கும். மருந்தின் அளவைக் குறைக்க இயலுமா என்பதைப் பரிசோதனை முடிவுகளைக் கண்டு மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அளவு பயன் கிடைக்குமா?

இல்லை. ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு என்ற பெயரில் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வில், அதுவரை பயிற்சி செய்யாதிருந்தோர் ஒரே திட்டத்தின்படி 20 வாரங்கள் பயிற்சி செய்தனர். உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் சிலருக்கு வெகுவாகக் கூடியது. சிலருக்கு ஏறத்தாழ மாற்றமே இல்லை. ஒரே குடும்பத்தினரிடையே பலனின் அளவு ஓரளவு ஒத்திருந்தது. எனவே இதில் மரபுக்கும் பங்குண்டு என அறியப்பட்டது.

உடன் நடக்கும் நண்பர் 3 கிலோ குறைந்திருக்க, தங்களுக்கு 1 கிலோ மட்டும் குறைந்திருப்பின், தங்கள் முயற்சியில் குறை உள்ளது என்று பொருளன்று. ஓர் அளவீட்டில் மாற்றம் இல்லாதவருக்கு மற்றோர் அளவீட்டில் நல்ல மாற்றம் இருக்கலாம். பிறருடன் ஒப்பிடுவதைவிட, மூன்று மாதங்களுக்கு முந்தைய தங்கள் நிலையுடன் ஒப்பிடுதலே முறை.

தசைவலி: எது இயல்பு, எது ஆபத்து?

பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்திற்குள் தசைவலி மிகுந்து, சில நாட்களில் தானே தணியும். இது காயம் அன்று. அதே சமயம், வலி இருந்தால்தான் பயிற்சி பலன் தருகிறது என்பதும் தவறான கருத்து. உடல் பழகியபின் வலியின்றியே பயன் தொடரும். மூட்டில் வீக்கம், ஓரிடத்தில் மட்டும் கூர்மையான வலி, ஒரு வாரம் கடந்தும் தணியாத வலி ஆகியன இருப்பின் மருத்துவ ஆலோசனை பெறவும்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்?

21 நாட்களில் எந்தப் பழக்கமும் நிலைத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 2009-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் இயல்பான பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. இது சிலருக்கு 18 நாட்களாகவும், சிலருக்கு 254 நாட்களாகவும் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

மழைக்காலம், திருவிழா, காய்ச்சல், வீட்டு விசேடம் போன்றவற்றால் இடைவெளி நேர்வது இயல்பு. ஒரு வாரம் விட்டுப் போனால் மீண்டும் தொடங்குங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் விட்டிருந்தால் மூச்சுத் திறன் சற்றுக் குறைந்திருக்கும். பழைய அளவில் பாதியில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துங்கள். கோடையில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியில் பயிற்சி செய்வதைத் தவிர்க்கவும். மழை நாட்களில் வீட்டினுள் நின்ற இடத்தில் நடத்தல், நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் ஆகியவற்றைச் செய்யலாம்.

எதனை, எப்போது அளக்கலாம்?

- நடந்த நிமிடங்கள்: நாள்தோறும் நாட்காட்டியில் குறிக்கவும். இது முழுவதும் தங்கள் கையில் உள்ள அளவீடு.
- ஒரே தொலைவை நடக்கும் நேரம்: இரு வாரங்களுக்கு ஒருமுறை.
- எடை: வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே வேளையில். நாள்தோறும் பார்த்தால் நீரின் அளவு மாற்றமே பெரிதும் தெரியும்.
- இடுப்புச் சுற்றளவு: மாதம் ஒருமுறை.
- இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை: மருத்துவர் கூறிய இடைவெளியில்.
- எச்.பி.ஏ.1.சி.: 3 மாதங்களுக்குப் பின்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் வீட்டிற்கு வரும்போதும், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

விளம்பரங்கள் குறித்து எச்சரிக்கை

‘30 நாட்களில் 15 கிலோ’, ‘பயிற்சியின்றி வயிறு குறையும்’ என்பன போன்ற வாக்குறுதிகளை நம்ப வேண்டாம். மிக விரைவான எடைக் குறைவில் நீரும் தசையும் இழக்கப்படுகின்றன. பித்தப்பைக் கல் உருவாகவும் வாய்ப்புண்டு. விரைவில் தசை பெருக வேண்டி ஸ்டீராய்டு ஊசிகளையோ, உட்பொருள் அறியாத மாவுகளையோ பயன்படுத்துவது கல்லீரல், இதயம், இனப்பெருக்கத் திறன் ஆகியவற்றைப் பாதிக்கும். இளைஞர்கள் இதில் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

பயிற்சிக்கு முன் மருத்துவரை அணுக வேண்டியோர்

- இதய நோய், பக்கவாதம் அல்லது சிறுநீரக நோய் உள்ளோர்.
- இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் உள்ளோர்.
- நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம் அல்லது அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் ஏற்படுவோர்.
- நீரிழிவினால் கண் அல்லது பாதம் பாதிக்கப்பட்டோர்.
- கருவுற்ற பெண்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்வோருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால் உடனே நிறுத்தி, 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்தவும். சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். பாதங்களை மூடும் காலணி அணிந்து நடக்கவும்; நடந்து முடித்ததும் பாதங்களில் புண், கொப்புளம் உள்ளதா எனப் பார்க்கவும்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, திடீர் மயக்கம், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், ‘வாயுத் தொல்லையாக இருக்கும்’ எனக் காத்திருக்காமல் உடனே 108 எண்ணை அழைக்கவும். பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

*வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்கிறேன். தனியே பயிற்சி வேண்டுமா?*
மூச்சு வாங்கும் அளவுக்கு உழைக்கும் நேரம் அனைத்தும் கணக்கில் சேரும். நின்றுகொண்டு சமைத்தல் போன்ற மெதுவான வேலைகள் 150 நிமிடக் கணக்கில் சேரா. ஆயினும் அமர்ந்தே இருப்பதைவிட அவை நன்று.

*காலையில் நேரம் இல்லை. மாலையில் நடந்தால் பயன் குறையுமா?*
குறையாது. உணவுக்குப் பின் 10 முதல் 15 நிமிடம் நடப்பது சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும். தங்களால் தொடர முடிந்த வேளையே சிறந்த வேளை.

*எனக்கு 65 வயது. இனித் தொடங்கிப் பயன் உண்டா?*
உண்டு. எழுபது, எண்பது வயதிலும் தசை வலிமை கூடும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதும், பேருந்துப் படியில் தடுமாறாமல் ஏறுவதும் இவ்வயதில் கிடைக்கும் பெரும் பயன்கள்.

*மூன்று மாதம் முறையாகச் செய்தும் எதிலும் மாற்றம் இல்லை. என்ன செய்வது?*
பயிற்சிக் குறிப்புகளுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். பயிற்சியின் வேகம், உணவு, உறக்கம், தைராய்டு சுரப்புக் குறைபாடு, எடுத்துக்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் ஆராய்ந்து வழிகாட்டுவார். அதுவரை பயிற்சியை நிறுத்த வேண்டாம்.